குடித்துவிட்டு அடிக்கும் அப்பா, ஞாயிறுதோறும் குழந்தைகளைக் கேட்டு மனு: கோர்ட்டில் என்ன செய்யலாம்?

பிஎல்வி_தஞ்சை கேட்டது:

வணக்கம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பாரா லீகல் வாலண்டியராக (சட்ட உதவித் தன்னார்வலராக) இருக்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.

மதுரையில் இருந்த குடும்பம். கணவர் குடித்துவிட்டு மனைவியை அடிப்பவர். 8 வயதுப் பெண்ணையும் இரண்டு முறை பெல்ட்டால் அடித்திருக்கிறார். 4 வயதுப் பையனை போதையில் பைக்கின் முன்னால் உட்கார வைத்து ஓட்டி, கீழே விழுந்ததில் குழந்தைக்குத் தாடையில் தையல். மனைவி மூன்று மாதமாகக் குழந்தைகளோடு தஞ்சாவூரில் அம்மா வீட்டில் இருக்கிறார். இப்போது கணவர் மதுரை குடும்ப நீதிமன்றத்தில் ஜி.டபிள்யூ.ஓ.பி. (குழந்தைகளின் காப்பாளர் உரிமை கேட்கும் மனு) போட்டு, கூடவே ஒரு ஐ.ஏ.வில் (இடைக்கால மனுவில்) ஞாயிறுதோறும் காலை 10 முதல் மாலை 5 வரை குழந்தைகளைத் தன்னிடம் அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறார். சம்மன் வந்துவிட்டது. போலீஸ் பக்கம் புகாரைப் பெற்றதற்கான ஒரு சி.எஸ்.ஆர். ரசீது மட்டும்தான், எஃப்.ஐ.ஆர். கிடையாது.

சந்திப்பையே கோர்ட் மறுக்குமா? மறுக்காவிட்டால் எப்படிப்பட்ட நிபந்தனைகள் கேட்கலாம்? எஃப்.ஐ.ஆர். இல்லாமல் எதை வைத்து நிரூபிப்பது? அந்தப் பெண் "ஞாயிற்றுக்கிழமைன்னாலே பயமா இருக்கு" என்கிறார். பொதுவாக ஆறுதல் சொல்லும் பதில் வேண்டாம், செய்ய வேண்டியதைச் சொல்லுங்கள்.

---

வைகைக்கரை வக்கீல் எழுதியது:

மறுக்க முடியும், ஆனால் அரிது. எதிர்த்தரப்பு கண்டிப்பாக யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020-ல் சொன்னதை எடுத்து வைக்கும்: குழந்தைக்கு அப்பா, அம்மா இருவர் அன்பும் உரிமை, மிக மோசமான சூழ்நிலையில்தான் ஒருவருக்குச் சந்திப்பை மறுக்கலாம், அப்படி மறுத்தால் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். இதை எதிர்த்து மல்லுக்கட்ட வேண்டாம். அந்தக் காரணத்தை நீதிபதி எழுதுவதற்குத் தேவையான சரக்கைக் கொடுங்கள். 1890-ம் ஆண்டு கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டத்தின் 17-வது பிரிவு, காப்பாளராக வர நினைப்பவரின் நடத்தையைப் பார்க்கச் சொல்கிறது. நில் ரத்தன் குண்டு வழக்கில் (2008) உச்ச நீதிமன்றம், தகப்பன் மேல் இருந்த கிரிமினல் வழக்கைக் கணக்கில் எடுக்காமல் குழந்தையை அவரிடம் கொடுத்தது தவறு என்று சொன்னது. தண்டனை ஆகும்வரை காத்திருக்கத் தேவையில்லை. குடும்ப நீதிமன்றம் பார்ப்பது எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்பதைத்தான். கிரிமினல் கோர்ட் அளவுக்குச் சந்தேகத்துக்கு இடமில்லாத நிரூபணம் இங்கே வேண்டியதில்லை.

முதல் வேலை, மதுரை வாய்தாவைத் தவறவிடாமல் இருப்பது. "நாங்க தஞ்சாவூர்ல இருக்கோம், எப்படிப் போறது" என்று விட்டுவிட்டால் எக்ஸ்பார்ட்டி உத்தரவு (உங்கள் தரப்பைக் கேட்காத உத்தரவு) வந்துவிடும். வக்காலத்தும் ஐ.ஏ.வுக்குக் கவுண்டரும் (பதில் மனுவும்) உடனே போக வேண்டும். பெண்ணுக்கும் குழந்தைக்கும் வருமான வரம்பே இல்லாமல் இலவச வக்கீல் உண்டு, அது உங்களுக்கே தெரியும். வழக்கைத் தஞ்சாவூருக்கு மாற்ற, சிவில் நடைமுறைச் சட்டம் 24-வது பிரிவில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் டிரான்ஸ்ஃபர் மனு போடலாம். குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்துக் கோர்ட்டுக்குத்தான் அதிகாரம் என்கிறது 1890 சட்டத்தின் 9-வது பிரிவு. மூன்று மாதம் "வழக்கமாக" ஆகுமா என்று அவர்கள் சண்டை போடுவார்கள். தஞ்சாவூர்ப் பள்ளியின் சேர்க்கைச் சான்றை இப்போதே வாங்கி வையுங்கள்.

இரண்டாவது வேலையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்: குடும்ப வன்முறைச் சட்டம், 2005. தற்காலிகமாக வசிக்கும் இடத்திலேயே போடலாம் என்பதால் தஞ்சாவூர் மாஜிஸ்திரேட் கோர்ட் போதும். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலர் குடும்ப நிகழ்வு அறிக்கையைப் படிவம் 1-ல் எழுதித் தருவார். மனு படிவம் 2. எதிர்த்தரப்பைக் கேட்காமலே அவசர உத்தரவு வேண்டுமானால் 23(2)-க்கான பிரமாணப் பத்திரம் படிவம் 3. இந்தச் சட்டத்தின் 21-வது பிரிவு உங்கள் கேள்விக்கு நேரான பதில்: சந்திப்பு குழந்தையின் நலனுக்குக் கேடு என்று மாஜிஸ்திரேட் கருதினால் அதை மறுத்தே ஆக வேண்டும். "மறுக்கலாம்" என்று அங்கே எழுதவில்லை.

இதில் ஒரு பொறி இருக்கிறது. உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். போலீஸ் வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம். ஆனால் 31-வது பிரிவு இதைச் சொல்வது 18-ன் கீழ் வந்த பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான். கஸ்டடியை மட்டும் 21-ல் வாங்கிவிட்டு வந்தால், அவர் பள்ளி வாசலில் வந்து நிற்கும்போது இன்ஸ்பெக்டர் "இது சிவில் மேட்டர்மா" என்பார். எனவே பள்ளிக்கு வரக் கூடாது, வீட்டுக்கு வரக் கூடாது, போனிலோ ஆள் மூலமாகவோ தொடர்பு கொள்ளக் கூடாது, பாட்டி தாத்தாவைத் தொடக் கூடாது என்ற தடைகளை 18-ன் கீழ் தனித்தனி வரியாகக் கேளுங்கள். உத்தரவின் நகல் சம்பந்தப்பட்ட காவல் நிலையத்துக்கு இலவசமாகப் போக வேண்டும் என்று 24-வது பிரிவு சொல்கிறது. அது போய்ச் சேர்ந்ததா என்று நேரில் பாருங்கள். ஒப்பீட்டுக்கு: 1890 சட்டத்தில் குழந்தையைக் கோர்ட்டில் ஆஜர்படுத்தாதவருக்கு 45-வது பிரிவு போடும் அபராதம் 100 ரூபாய். சிவில் சிறை என்றும் எழுதியிருக்கிறது, அதுவரை போவது எளிதல்ல.

இரண்டு கோர்ட்டிலும் மற்றதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். குடும்ப வன்முறைச் சட்டத்தின் 26-வது பிரிவே, வேறிடத்தில் பெற்ற நிவாரணத்தை மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. மறைத்தது வெளியே வந்தால் அதற்குப் பிறகு அந்த அம்மா சொல்லும் உண்மையையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

சாட்சியத்துக்கு வருகிறேன். குடும்ப நீதிமன்றச் சட்டம் (1984) 14-வது பிரிவின்படி, சாட்சியச் சட்டத்தில் செல்லாத அறிக்கை, ஆவணத்தைக்கூட உதவும் என்று தோன்றினால் நீதிபதி ஏற்கலாம். எனவே எஃப்.ஐ.ஆர். இல்லையே என்று கையைப் பிசைய வேண்டாம். பையனுக்குத் தையல் போட்டது அரசு மருத்துவமனை என்றால் அங்கே ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) பதிவு இருக்கும். அந்த ஏ.ஆர். காப்பியில் "பைக்கிலிருந்து விழுந்தது" என்று மட்டும் இருக்கிறதா, யார் ஓட்டினார், குடி வாடை இருந்ததா என்று இருக்கிறதா என்று வரி வரியாகப் படியுங்கள். சி.எஸ்.ஆர். ரசீதோடு அன்று கொடுத்த புகாரின் நகலும் வேண்டும். பள்ளியில் பெண் வராத நாட்கள், வகுப்பாசிரியை தழும்பைப் பார்த்திருந்தால் அவருடைய கடிதம். கணவர் குடிநோய் மையத்தில் சேர்ந்திருந்தால் அந்தப் பதிவை மையம் உங்களிடம் தராது, ரகசியம் காக்க வேண்டிய கடமை அவர்களுக்கு உண்டு. கோர்ட் மூலம் வரவழைக்க மனு போட வேண்டும். வாட்ஸ்ஆப் மெசேஜ், ஆடியோவுக்கு பாரதிய சாக்ஷ்ய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63-வது பிரிவுச் சான்றிதழ் இணையுங்கள். அதில் ஏ பகுதியைப் போன் வைத்திருப்பவரும் பி பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும், ஹாஷ் மதிப்பும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் குறியீடு) கேட்கும். அசல் போனை விற்றுவிடவோ ஃபார்மட் செய்யவோ வேண்டாம்.

பிரமாணப் பத்திரத்தில் எல்லோரும் எழுதுவது இப்படி இருக்கும்: "மனுதாரர் கொடூர குணம் படைத்தவர், குழந்தைகளைப் பல முறை சித்திரவதை செய்துள்ளார்." இதை நீதிபதி தினமும் படிக்கிறார். இப்படி எழுதுங்கள்: "இன்ன தேதி இரவு சுமார் 9 மணிக்கு, வீட்டுப் பாடம் முடிக்கவில்லை என்று சொல்லி, மூத்த குழந்தையின் இடது தொடையில் பெல்ட்டால் மூன்று முறை அடித்தார். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டிய பிறகு நிறுத்தினார். மறுநாள் எடுத்த புகைப்படம் எதிர்மனுதாரர் ஆவணம் 4." ஐந்து சம்பவம் இப்படி இருந்தால் ஐம்பது அடைமொழி தேவையில்லை. தேதி சரியாக நினைவில்லாவிட்டால் "பள்ளி அரையாண்டு விடுமுறையில்" என்று எழுதலாம். யூகித்துத் தேதி போட்டால் குறுக்கு விசாரணையில் மாட்டும்.

---

சின்னக் கை எழுதியது:

குழந்தை உளவியல் பக்கத்திலிருந்து. நீதிபதி 8 வயதுப் பெண்ணைத் தனியறையில் கூப்பிட்டுப் பேச வாய்ப்பு அதிகம். பையனிடம் பேச மாட்டார், அல்லது ஒரு சாக்லேட் கொடுத்துப் பார்ப்பார். அதற்காகக் குழந்தையைத் தயார் செய்கிறேன் என்று வீட்டில் பாடம் நடத்துவதுதான் இந்த வழக்குகளில் நடக்கும் பெரிய நாசம். "எங்க அப்பா எங்க அம்மாவ மனரீதியா துன்புறுத்துறாரு" என்று எட்டு வயதுக் குழந்தை பேசாது. "அப்பா கதவ சாத்துனா எனக்கு ஒண்ணுக்கு வந்துரும்" என்று பேசும். முதல் வாக்கியத்தைக் கேட்ட மாத்திரத்தில் சொல்லிக்கொடுத்தது என்று நீதிமன்றக் கவுன்சிலர் (ஆலோசகர்) குறித்துவிடுவார். அதோடு உண்மையான இரண்டாவது வாக்கியமும் செத்துவிடும்.

அம்மா செய்ய வேண்டியது, குழந்தை தானாகச் சொன்னதைக் குழந்தையின் வார்த்தையிலேயே, அன்றைய தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுவது. என்ன கேட்டதால் சொன்னாள் என்பதையும் எழுத வேண்டும். போனை நீட்டி "இன்னொரு தடவை சொல்லு" என்று வீடியோ எடுக்கக் கூடாது. கோர்ட்டுக்குப் போகும் முன் "அங்க ஒரு ஆன்ட்டி பேசுவாங்க, உனக்குத் தெரிஞ்சத சொல்லு, தெரியலன்னா தெரியலன்னு சொல்லு, நீ யாரையும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்ல" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்தக் கடைசிச் செய்தி மிக முக்கியம். தீர்ப்பு தன் கையில் இருக்கிறது என்று நினைக்கும் குழந்தை, எந்தப் பக்கம் உத்தரவு வந்தாலும் குற்ற உணர்ச்சியோடுதான் இருக்கும்.

குடும்ப நீதிமன்றச் சட்டம் 12-வது பிரிவில் மருத்துவ, நல நிபுணரின் உதவியைக் கோர்ட் பெறலாம். அரசு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவுக்கு இரண்டு பெற்றோரையும் குழந்தைகளையும் அனுப்பக் கேளுங்கள். நீங்களாகப் பணம் கட்டி வாங்கிவரும் ஒருபக்கச் சான்றிதழைவிடக் கோர்ட் அனுப்பி வரும் அறிக்கைக்கு மதிப்பு அதிகம். குழந்தையைப் பார்க்காமலே எழுதிக் கொடுக்கும் கடிதம் கேடுதான் செய்யும்.

சந்திப்புக்குப் பிறகு குழந்தை படுக்கையில் சிறுநீர் கழிப்பது, சாப்பிட மறுப்பது, ஒட்டிக்கொண்டே திரிவது எல்லாம் பயத்தின் அடையாளமாக இருக்கலாம், பிரிவின் துக்கமாகவும் இருக்கலாம். அடிக்கிற அப்பாவைத் தேடி அழும் குழந்தைகள் உண்டு. அதை "பாருங்க, பாசமா இருக்கான்" என்று எதிர்த்தரப்பு சொல்லும். பாசமும் பயமும் ஒரே குழந்தையிடம் சேர்ந்தே இருக்கும் என்பதை அறிக்கை எழுதுபவர் விளக்கியாக வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள்.

---

பிஎல்வி_தஞ்சை:

இருவருக்கும் நன்றி. கண்காணிப்போடு சந்திப்பு என்று உத்தரவு வந்தால் அதில் என்னவெல்லாம் இருக்க வேண்டும்? "கண்காணிப்பில்" என்ற ஒரே வார்த்தையோடு வந்த உத்தரவைப் பார்த்திருக்கிறேன். கணவரின் தங்கை வந்து உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார்.

---

வைகைக்கரை வக்கீல்:

சரியான இடத்தில் கை வைத்தீர்கள். ஒவ்வொரு ஆபத்துக்கும் ஒரு நிபந்தனை, ஒவ்வொரு நிபந்தனைக்கும் அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள். அவர் போதையில் வருவார் என்பது ஆபத்து. "குடிக்காமல் வர வேண்டும்" என்று எழுதினால் யார் முகர்ந்து பார்ப்பது? "குடித்திருப்பதாகக் கவுன்சிலருக்குத் தோன்றினால் அன்றைய சந்திப்பு ரத்து, அதை அவர் பதிவேட்டில் எழுத வேண்டும்" என்று இருந்தால் வேலை செய்யும். குழந்தையை வண்டியில் ஏற்றுவது ஆபத்து. வளாகத்துக்கு வெளியே அழைத்துப் போகக் கூடாது என்பதே அதற்கு நிபந்தனை.

நான் வரைவாகக் கொடுப்பது ஏறக்குறைய இப்படி: "மனுதாரர் மாதத்தின் முதல், மூன்றாம் சனிக்கிழமை காலை 10.30 முதல் 12.00 வரை, தஞ்சாவூர் குடும்ப நீதிமன்ற வளாகத்திலுள்ள குழந்தைகள் அறையில், நீதிமன்றக் கவுன்சிலர் முன்னிலையில் மட்டும் குழந்தைகளைச் சந்திக்கலாம். குழந்தைகளைத் தாய்வழிப் பாட்டி ஒப்படைத்துத் திரும்ப அழைத்துச் செல்வார். மனுதாரரும் எதிர்மனுதாரரும் நேரில் சந்திக்க வேண்டியதில்லை. 20 நிமிடத்துக்கு மேல் தாமதமானால் அன்றைய சந்திப்பு இல்லை. குழந்தை அழுது மறுத்தால் கவுன்சிலர் சந்திப்பை நிறுத்தலாம். மூன்று மாதம் கழித்துக் கவுன்சிலர் அறிக்கையைப் பார்த்து மறுபரிசீலனை." அந்தச் சனிக்கிழமை அந்த அறை திறந்திருக்குமா, கவுன்சிலர் வருவாரா என்று மனு போடும் முன்பே கோர்ட் அலுவலகத்தில் கேளுங்கள். பூட்டிய அறையைக் காட்டி அடுத்த வாய்தாவிலேயே "வெளியே கூட்டிப் போக அனுமதி" கேட்பார்கள்.

வீடியோ கால் கேட்டால் நாள், நேரம், 15 நிமிடம், எந்த எண் என்று எழுதச் சொல்லுங்கள். அம்மாவின் சொந்த எண் வேண்டாம், தனி சிம் வாங்குங்கள். குழந்தையின் டேப்லெட்டில் அப்பாவின் கூகுள் கணக்கு இன்னும் இருக்கிறதா பாருங்கள், வீட்டு முகவரி அதில்தான் கசியும்.

உத்தரவு வந்துவிட்டால், பிடிக்காவிட்டாலும் அதை அம்மாவாக மீறக் கூடாது. குழந்தையை அனுப்பாமல் இருந்தால் கதை தலைகீழாகிவிடும்: அவர் பாதிக்கப்பட்டவர், இவர் குழந்தையைப் பிரிப்பவர். இடைக்கால உத்தரவுக்கு எதிராக குடும்ப நீதிமன்றச் சட்டம் 19-வது பிரிவில் அப்பீல் கிடையாது. அரசியலமைப்பு 227-ன் கீழ் சி.ஆர்.பி. (சீராய்வு மனு) போட்டு ஸ்டே கேட்க வேண்டும். சந்திப்பில் ஏதாவது நடந்தால் அதே வாரம் மாற்றக் கோரி ஐ.ஏ. கஸ்டடி உத்தரவு எதுவும் கல்வெட்டல்ல, சூழ்நிலை மாறினால் மாற்றலாம் என்று ரோஸி ஜேக்கப் வழக்கிலேயே (1973) சொல்லியாகிவிட்டது. ஜீவனாம்சத்தை இதோடு முடிச்சுப் போட வேண்டாம். "பார்க்க விடலைன்னா காசு இல்ல" என்பதும் செல்லாது, "காசு தரலைன்னா பார்க்க விட மாட்டேன்" என்பதும் செல்லாது.

---

பத்து_ஒன்பது_எட்டு எழுதியது:

குழந்தைகள் பாதுகாப்புத் துறையில் வேலை. இங்கே சொன்னது எல்லாம் அடி, குடி பற்றியது. பாலியல் தொந்தரவு என்ற சந்தேகம் வந்தால் பாதை வேறு, குடும்ப நீதிமன்ற வாய்தாவுக்குக் காத்திருக்கவே கூடாது.

போக்சோ சட்டம் 19-வது பிரிவின்படி, விஷயம் தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீஸுக்குச் சொல்லியாக வேண்டும். நல்லெண்ணத்தோடு சொன்னவர்மேல் வழக்கு வராது என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழைக்கலாம். போலீஸ் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் ஒரே வீட்டில் இருப்பவரானால் குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழுவின் முன் ஆஜர்படுத்த வேண்டும். குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலோ குழந்தை விரும்பும் இடத்திலோ, கூடியவரை எஸ்.ஐ. அந்தஸ்துக்குக் குறையாத பெண் அதிகாரி எடுக்க வேண்டும். சீருடையில் வரக் கூடாது. அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் மணிக்கணக்கில் குழந்தையை பெஞ்சில் உட்கார வைத்தால் இந்தப் பிரிவைச் சொல்லுங்கள், 24-வது பிரிவு.

அவசர சிகிச்சைக்கு எந்த மருத்துவமனையும் போலீஸ் கடிதம் கேட்டுக் காக்க வைக்கக் கூடாது. குழந்தை அணிந்திருந்த துணியைத் துவைக்காமல் காகித உறையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கி தடயம் கெட்டுவிடும். எஃப்.ஐ.ஆர். ஆன அன்றே குடும்ப நீதிமன்றத்தில் சந்திப்பை நிறுத்தி வைக்க ஐ.ஏ. போட வேண்டும். குழந்தையின் அடையாளம் வெளிவரக் கூடாது என்பதால் ஆவணங்களைச் சீலிட்ட உறையில் தர அனுமதி கேளுங்கள். அவர் ஜாமீன் கேட்கும்போது, குழந்தையின் வீடு, பள்ளி பக்கம் வரக் கூடாது என்ற நிபந்தனையை அரசு வக்கீலிடம் சொல்லிக் கேட்க வையுங்கள்.

கஸ்டடி சண்டையில் வலுச் சேர்க்க இல்லாத போக்சோ புகார் கொடுக்கச் சொல்லும் ஆட்களும் இருக்கிறார்கள். அந்த யோசனையை வாசலிலேயே நிறுத்துங்கள். மருத்துவப் பரிசோதனை, வாக்குமூலம் என்று குழந்தையை இழுத்தடிப்பதே ஒரு வன்முறை. பொய் என்று தெரிந்தால் கஸ்டடியே கைமாறிப் போகலாம்.

பெல்ட் அடிக்கு இளைஞர் நீதிச் சட்டம் 75-வது பிரிவு உண்டு, மூன்றாண்டு வரை சிறை. "பெத்த அப்பன் அடிச்சா கேஸா" என்று ஸ்டேஷனில் கேட்டால், குழந்தையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் தாக்குவதைப் பற்றித்தான் அந்தப் பிரிவே இருக்கிறது என்று சொல்லுங்கள்.

---

மௌனராகம்77 கேட்டது:

ஆபத்து அம்மா பக்கம் இருந்தால்? அப்பாவால் குடும்ப வன்முறைச் சட்டத்தில் மனு போட முடியாதே.

---

சின்னக் கை:

முடியாதுதான், அதில் மனுதாரர் பெண்ணாக இருக்க வேண்டும். அப்பாவுக்கு 1890 சட்டத்தின் 12-வது பிரிவில் இடைக்கால கஸ்டடியும் பாதுகாப்பும் கேட்கும் வழி இருக்கிறது, அவசரமென்றால் குழந்தைகள் நலக் குழு. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை சாதாரணமாக அம்மாவிடம் என்று இந்து மைனாரிட்டி அண்ட் கார்டியன்ஷிப் சட்டம் (மைனர் குழந்தைகளின் காப்பாளர் பற்றியது) 6-வது பிரிவு சொல்வதில் "சாதாரணமாக" என்ற சொல்லும் இருக்கிறது. 13-வது பிரிவு குழந்தையின் நலனை அதற்கும் மேலே வைக்கிறது. அம்மாவுக்கு மனநோய் என்று மட்டும் எழுதினால் போதாது. சிகிச்சை எடுத்து நன்றாக வளர்க்கும் அம்மாக்கள் ஏராளம். நோயின் பெயரை விட்டுவிட்டு, குழந்தைக்கு என்ன நேர்ந்தது என்பதை எழுத வேண்டும்: இரண்டு நாள் சாப்பாடு இல்லை, பூட்டிய அறை, சூடு வைத்த தழும்பு. பிரசவத்துக்குப் பின் வரும் தீவிர மனநோய் (சைக்கோசிஸ்) போன்றவற்றில் ஆபத்து நிஜம், ஆனால் சிகிச்சையில் தீரக்கூடியது. அங்கே கண்காணிப்போடு சந்திப்பும், மருத்துவ அறிக்கையைப் பார்த்துப் படிப்படியாகத் தளர்த்துவதும் குழந்தைக்கு நல்லது.

---

பிஎல்வி_தஞ்சை:

கடைசியாக ஒன்று. பள்ளியில் "கோர்ட் உத்தரவு இல்லாம அப்பாவைத் தடுக்க முடியாது" என்கிறார்கள்.

---

வைகைக்கரை வக்கீல்:

உத்தரவு வரும்வரை அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, சட்டப்படி அவரும் காப்பாளர். இப்போதைக்கு, கஸ்டடி வழக்கு நிலுவையில் இருக்கிறது என்று வழக்கு எண் போட்டுத் தலைமையாசிரியருக்குக் கடிதம் கொடுங்கள். யார் யார் அழைத்துப் போகலாம் என்று பெயரும் புகைப்படமும் இணைத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். வேறு யார் வந்தாலும் முதலில் அம்மாவுக்குப் போன் செய்யக் கேட்டுக்கொள்ளுங்கள். பள்ளிகள் பெரும்பாலும் இந்த அளவுக்கு ஒத்துழைக்கும். 18-வது பிரிவில் உத்தரவு வந்ததும் சான்றிட்ட நகலை அலுவலகத்தில் ஒன்று, வாட்ச்மேன் கையில் ஒன்று.

அப்படியும் தூக்கிக்கொண்டு போய்விட்டால் அன்றைக்கே காவல் நிலையத்தில் எழுத்தில் புகார், அப்புறம் மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு. அவருக்கு வெளிநாட்டு வேலை வாய்ப்பு இருந்தால் இப்போதே குழந்தைகளின் பாஸ்போர்ட்டைக் கோர்ட்டில் ஒப்படைக்கவும், அனுமதியின்றி வெளியே கொண்டு போகத் தடையும் கேளுங்கள். குழந்தைக் கடத்தல் பற்றிய 1980 ஹேக் உடன்படிக்கையில் இந்தியா இல்லை, விமானம் ஏறிவிட்டால் திருப்பிக் கொண்டுவருவது மிகக் கடினம். மதுரை வாய்தா தேதியைச் சொல்லுங்கள், கவுண்டர் வரைவைப் பார்த்துத் தருகிறேன். பெயர், முகவரி அடித்துவிட்டு அனுப்புங்கள்.